அத்தியாயம் 6: ஐயத்தை எங்கே வைப்பது?

நிரல் எழுதக் கற்போருள் பெரும்பாலோர், முதற் சில வாரங்கள் உற்சாகத்தோடு பயின்று, மாறிகளையும் நிபந்தனைகளையும் மடக்குகளையும் ஒருவாறு பழகிக்கொண்டு, இனி யாருடைய துணையுமின்றித் தாமே ஒன்றை எழுதிப் பார்க்கலாம் என்று துணியும் தறுவாயில், 'இந்த வித்தை நமக்கு வாய்க்காது போலும்' என்னும் சஞ்சலத்துக்கு ஆளாகிறார்கள். இந்நூலின் முற்பகுதியை வரிசையாகப் பயின்று வந்த வாசகருக்கும் இந்நேரம் அது தலைகாட்டியிருக்கக்கூடும். பாடநூல்கள் இவ்விஷயத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை. அவை பேசாமையாலேயே மாணவர் பலரும் இதைத் தமக்கு மட்டும் நேர்ந்த குறையென்று கருதி, பிறரிடம் சொல்லக் கூசி, உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கி, ஒருநாள் பாடத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். ஆகையால், அணிகளைப் பற்றிய அடுத்த அத்தியாயத்துக்குள் புகுமுன் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறேன்.

மற்றக் கல்விகளில் இவ்வளவு காணப்படாத இந்தக் கடுமை இதில் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். கட்டுரை எழுதும் மாணவன் நான்கைந்து சந்திப் பிழைகள் செய்தாலும், ஆசிரியர் அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டுக் கருத்துக்கு மதிப்பெண் தருகிறார். கணக்கில் இறுதி விடை தவறினாலும் வழிமுறைக்கு உரியது கிடைக்கிறது. இரண்டிலும் குறை தெரியவருவது விடைத்தாள் திரும்பி வரும் நாளில்தான். யந்திரம் இத்தகைய தாட்சண்ணியம் அறியாதது. நூறு வரிகளைச் செவ்வனே எழுதி, ஒரே ஒரு வரியின் ஈற்றில் அரைப்புள்ளியை விட்டுவிட்டாலும், அந்த நூறு வரிகளையும் ஒருசேர மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பையும் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்முன்னே எழுதிக் காட்டுகிறது. ஒரு பிற்பகலுக்குள் முப்பது நாற்பது முறை 'தவறு' என்ற தீர்ப்பைக் கேட்க நேரும் மனம், அத்தீர்ப்பு தான் எழுதிய வரியின்மேல் வழங்கப்பட்டது என்பதை மறந்து, தன் அறிவின்மேலேயே வழங்கப்பட்டதாக எண்ணத் தொடங்குவது மனித சுபாவம்.

ஆனால் இந்தத் தீர்ப்பைக் கேட்டோர் வரிசையில் இத்துறையின் முதல் மனிதர்களும் நிற்கிறார்கள். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே மாதம் தன் முதல் நிரலை இயக்கிக் காட்டியது. யந்திரத்தைக் கட்டுவதுதான் கடினம், அதற்குக் கட்டளை எழுதுவது சிறு காரியம் என்றே அக்காலத்தில் அவர்கள் எண்ணியிருந்தார்கள். சில வாரங்களுக்குள், எட்சாக் இருந்த அறைக்கும் காகித நாடாவில் துளையிடும் கருவி இருந்த இடத்துக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு வேளையில், தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம்முடைய சொந்த நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உண்மை தமக்குப் பளிச்சென்று புலப்பட்டதாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அவர் எழுதிய நிரலொன்றின் நாடா பின்னாளில் அகப்பட்டு ஆராயப்பட்டது. 126 வரிகளே கொண்ட அதில் ஏறக்குறைய 20 பிழைகள் இருந்தன. ஆறு வரிக்கு ஒரு பிழை என்ற விகிதத்தில் எழுதிய இவருக்குத்தான், கணினித் துறையின் மிக உயர்ந்த கௌரவமாகிய டூரிங் பரிசு 1967ஆம் ஆண்டு அளிக்கப்பட்டது.

டச்சு நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் சரித்திரம் இன்னும் அணுக்கமாக நம் விஷயத்தைத் தொடுகிறது. ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் 1952ஆம் ஆண்டு நிரல் எழுதும் வேலையில் அமர்ந்த அவர், மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும், தாம் செய்வது ஒரு மரியாதைக்குரிய தொழில்தானா, இதற்கென ஒரு சாத்திரம் உண்டா, இதில் தமக்கு உண்மையாகவே ஏதேனும் தெரியுமா என்ற ஐயங்களால் அலைக்கழிக்கப்பட்டார். தம் சகாக்களான மின்னியலாளர்களை யாரேனும் கேள்வி கேட்டால் அவர்களால் தம் கல்வியைச் சான்று காட்ட முடியும் என்றும், தம்மிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றும் அவருக்குத் தோன்றியது. கடைசியில் தம் தலைவரான வான் வைங்கார்டனின் அறைக் கதவைத் தட்டி, மனத்திலிருந்ததை வெளியிட்டார். அந்தப் பெரியவர் ஐயத்தை மறுக்கவில்லை. இத்துறையில் இன்னும் சாத்திரம் உருவாகவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, கணிப்பொறிகள் நிலைக்கப்போகின்றனவாகையால் அந்தச் சாத்திரத்தை உருவாக்கும் சிலருள் நீரும் ஒருவராக இருக்கலாகாதா என்று வினவினார். மறு ஆண்டிலேயே, இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை டைக்ஸ்ட்ரா வகுத்தார். இன்று நாம் வழி தேடும் வரைபடச் செயலிகளுக்கு அடிப்படையாக விளங்குவன அம்முறையும் அதன் வழிவந்தவைகளுமே. தம் ஐயத்தின் இந்த வரலாற்றை 1972ஆம் ஆண்டு டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவரே ஒளிவின்றிச் சொன்னார்.

நானறிந்தவரையில், ஐயத்தை அடியோடு ஒழிக்க முயல்வது வீண் பிரயாசை. அது விரும்பத்தக்கதும் அன்று. ஐயம் இத்தொழிலின் கருவிகளுள் ஒன்று. அதை எதன்மேல் வைக்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. 'எனக்குப் போதிய புத்தி இருக்கிறதா?' என்ற கேள்விக்கு எந்தச் சோதனையாலும் விடை காண முடியாது. இராப்பகலாக அதையே சிந்தித்தாலும் மனச்சோர்வு வளருமேயன்றி நிரல் ஓடாது. 'ஏழாவது வரியை எட்டும்போது இந்த மாறியில் நான் நினைக்கும் எண்தான் இருக்கிறதா?' என்ற கேள்விக்கோ அரை நிமிஷத்தில் பிரத்தியட்சமாக விடை கிடைக்கிறது. முதல் வகை ஐயம் எழும்போதெல்லாம் அதை இரண்டாம் வகையாக மாற்றிக் கேட்கப் பழகுவதே இந்த அத்தியாயத்தில் நான் கற்பிக்க விரும்பும் அப்பியாசம்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குகிறேன். சி மொழியில் மூன்று பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும் நிரலை ஒரு மாணவி எழுதுகிறாள் என்று கொள்வோம். மதிப்பெண்கள் 66, 67, 67. மொத்தத்தை முழு எண் மாறியிலும், சராசரியைத் தசம எண் கொள்ளும் ஃபுளோட் மாறியிலும் வைக்க ஏற்பாடு செய்து, மொத்தத்தை 3 ஆல் வகுத்து, இரண்டு தசம இடங்களோடு அச்சிடச் சொல்கிறாள். 66.67 வரவேண்டிய இடத்தில் 66.00 வருகிறது. கம்பைலர் குறையொன்றும் சொல்லவில்லை. நிரலும் தடையின்றி ஓடுகிறது. விடை மட்டும் பொய். இப்படிப்பட்ட தருக்கப் பிழைதான் மாணவரை மிகவும் கலங்கச் செய்வது. ஆரம்பப் பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய வகுத்தல் கணக்கு நமக்கு வரவில்லையே என்று அவள் மனம் குன்றுகிறது.

இவ்விடத்தில் அவள் செய்யவேண்டியது, எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்பதை முதலில் ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு, இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று தேடுவதே. கிணற்றில் இறைத்த நீர் கடைசிப் பாத்திக்கு வந்து சேரவில்லையென்றால், அனுபவமுள்ள விவசாயி வாய்க்காலின் நடுவே போய் நின்று பார்க்கிறான். அங்கே நீர் ஓடினால் உடைப்பு அதற்குக் கீழே, ஓடாவிட்டால் மேலே என்று தெளிந்து, பாதி வாய்க்காலைத் தேடும் வேலை மிச்சமாகிறது. அதுபோலவே நிரலின் நடுவில் நின்று, மொத்தத்தை மட்டும் அச்சிட்டுப் பார்த்தால் 200 என்று சரியாக வருகிறது. ஆகவே கூட்டலில் குறையில்லை. மதிப்பெண்களை வாங்கிய முறையிலும் குறையில்லை. எஞ்சியது வகுத்தல் ஒன்றே. அதையும் தனியே பெயர்த்தெடுத்து, 7ஐ 2 ஆல் வகுத்து அச்சிடும் சின்னஞ்சிறு நிரலொன்றை எழுதினால், 3 என்று வருகிறது. மர்மம் இங்கே வெளிப்படுகிறது: சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், ஈவாகக் கிடைப்பதும் முழு எண்ணே, மீதியாகிய பின்னம் அந்தக் கணத்திலேயே உதிர்ந்துவிடுகிறது, அதற்குப் பின் அதை ஃபுளோட் மாறியில் வைத்தாலும், உதிர்ந்தது திரும்ப வராது. வகுக்கும் எண்ணை 3.0 என்று எழுதிவிட்டால் 66.67 கிடைக்கிறது. அவளுடைய கணித அறிவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அம்மொழியின் விதியொன்று அவளுக்குத் தெரியாதிருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த விதத்தை அவள் மறக்கவும் மாட்டாள். ஆசிரியர் கரும்பலகையில் பத்து முறை எழுதிப் போட்டிருந்தாலும் இவ்வளவு ஆழமாகப் பதிந்திராது.

ஐயத்தைச் சரியான இடத்தில் வைப்பது தேர்ந்தவர்களுக்கும் எவ்வளவு தேவை என்பதை, கணினி அறிவியலாளரான ஜான் பென்ட்லியின் அனுபவம் காட்டுகிறது. அகரவரிசையில் அமைந்த பட்டியலில், நடுவே பிரித்துப் பார்த்து, பாதியைத் தள்ளி, மிச்சப் பாதியையும் நடுவே பிரித்துத் தேடும் இருமத் தேடல் என்ற முறை ஒன்று உண்டு; பத்து வரிகளுக்குச் சற்று மேற்பட்ட காரியம். தொழில்முறை நிரலாளர் நூற்றுக்கு மேற்பட்டவர்களை அதை எழுதச் சொல்லிப் போதிய அவகாசமும் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சுமார் 90 சதவிகிதத்தினர் எழுதியவற்றில் பிழை இருந்ததாகப் பென்ட்லி 1980களில் எழுதினார். கதை இதோடு முடியவில்லை. அவருடைய வகுப்பில் மாணவராக அமர்ந்து இதே போன்ற சோதனையைக் கண்ட ஜோஷுவா பிளாக் என்பவர், பிற்காலத்தில் ஜாவா மொழியின் நூலகத்துக்காக அதே தேடலை எழுதினார். உலகமெங்கும் சுமார் ஒன்பது ஆண்டுகள் உபயோகத்தில் இருந்த பின், நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கொண்ட பட்டியலில் அது முறிந்துபோகும் என்று தெரியவந்தது. இரண்டு எண்களைக் கூட்டி நடுவை அறியும் வரியில், கூட்டுத்தொகை மாறியின் கொள்ளளவை மீறிவிடுகிறது. பென்ட்லி தம் நூலில் கொடுத்திருந்த வடிவத்திலும் அதே குறை இருந்ததை 2006ஆம் ஆண்டு பிளாக் பகிரங்கமாக எழுதினார். தம் புத்தியைப் பற்றி இருவரும் புலம்பவில்லை. குறித்த ஒரு வரியைச் சந்தேகித்தார்கள், திருத்தினார்கள்.

கம்பைலரின் செய்திகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். அவற்றைக் கண்டு அஞ்சி, படிக்காமலே திரையை மூடிவிடும் மாணவர் அநேகர். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்ததனால் நாற்பது பிழைகள் என்று அறிவிப்பு வருவது சாதாரணம்; அவற்றுள் முதலாவது ஒன்றே மெய்யான பிழையாகவும், மற்றவை அதன் எதிரொலியாகவும் இருப்பது வழக்கம். ஆகையால் முதற் செய்தியை மட்டும் நிதானமாகப் படித்து, திருத்தி, மறுபடி ஓட்டுங்கள். முப்பத்தொன்பதும் மறைந்துபோகக் காண்பீர்கள். விடுபட்ட அரைப்புள்ளிக்குப் பல வேளைகளில் அடுத்த வரியின் எண்ணே சுட்டப்படும். சுட்டிய வரியில் குறையொன்றும் தெரியாவிட்டால் அதற்கு முந்திய வரியைப் பார்க்கவேண்டும். பைத்தான் மொழியிலோ முறை தலைகீழ்: நீண்ட அறிவிப்பின் கடைசி வரியில்தான் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும், அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்கவேண்டும். இந்தச் சிறு பழக்கங்களை அறியாமையால் விளையும் மனச்சோர்வு, அறிவுக் குறைவால் விளைவதைவிட மிக அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, பிறரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்வதைப் பற்றி. நம் நாட்டுப் பொறியியற் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் முதலாண்டு மாணவர்கள் அமர்ந்திருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பல ஆண்டுகளாகக் கணினியைக் கையாண்டு, ஆங்கில வழியில் படித்து வந்த ஒருவன் பத்து நிமிஷத்தில் பயிற்சியை முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்று, விசைப்பலகையில் எழுத்துகள் இருக்கும் இடத்தையே இப்போதுதான் தேடும் ஒரு பெண், அவன் பிறவியிலேயே வல்லவன், தான் பிறவியிலேயே மந்தம் என்று முடிவு செய்துவிடுகிறாள். அவள் கண்டது திறமையின் வித்தியாசமன்று; ஆண்டுகளின் வித்தியாசம். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் சர்வகலாசாலையில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் நூற்றுக்கு மேற்பட்ட மாணவ மாணவியரோடு உரையாடி ஆராய்ந்தபோது, முன் அனுபவத்தை இயற்கை ஆற்றலென்று மயங்கியே பல பெண்கள் தன்னம்பிக்கை இழந்ததைக் கண்டார்கள். அனுபவமுடையோருக்கும் இல்லாதோருக்கும் வெவ்வேறு தொடக்க வகுப்புகளை அமைத்தும், சேர்க்கையில் முன் அனுபவத்துக்குத் தந்த முக்கியத்துவத்தைக் குறைத்தும் சர்வகலாசாலை சீர்திருத்தங்கள் செய்தது. கணினி அறிவியல் வகுப்பில் 1995ஆம் ஆண்டு 7 சதவிகிதமாக இருந்த பெண்களின் சேர்க்கை 2000ஆம் ஆண்டு 42 சதவிகிதமாயிற்று. ஐந்தே ஆண்டுகளில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை அல்லவா?

நிரல் எழுதும் வரம் சிலருக்கே பிறவியில் வாய்க்கிறது என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடமும் உண்டு. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு, பாடம் தொடங்குமுன்பே ஒரு சோதனையால் தேறுவோரையும் தேறாதோரையும் பிரித்துவிடலாம் என்று ஓர் ஆராய்ச்சி அறிக்கை வெளிவந்து மிகவும் பிரசித்தியடைந்தது. அதை எழுதியவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் போர்னாட், அக்கூற்றுக்கு ஆதாரம் போதாது என்று 2014ஆம் ஆண்டு தாமே அதை வாபஸ் பெற்றுக்கொண்டார். முந்திய அறிக்கையைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்குப் பிந்திய மறுப்பு எட்டியிருக்கும் என்று எண்ணும்போது வருத்தமாயிருக்கிறது.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சமும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. 1989ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட சி மொழியில், அம்மொழிக்கே உரிய ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. மாறிகளுக்கு இடும் பெயர்கள் உங்கள் இஷ்டம். விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்டு விளங்கிக்கொள்வது கஷ்டமாயிருக்கலாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது மொழிப் பயிற்சியால் தீர்வதொரு கஷ்டம். தமிழக மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் நூல்கள் தமிழிலேயே சி++, பைத்தான் ஆகியவற்றைக் கற்பிக்கின்றன. அவற்றில் கருத்தைத் தெளிந்துகொண்டு, பின்பு ஆங்கில நூலில் அதே பகுதியைப் படிப்பது நல்ல வழி.

படிக்கும்போதும் காணொளியைப் பார்க்கும்போதும் எல்லாம் விளங்குகிறது, ஆனால் வெறுந்திரையின் முன் அமர்ந்தால் ஒரு வரியும் எழவில்லை என்பது மற்றொரு முறையீடு. எழுதப்பட்டதை விளங்கிக்கொள்வதும் எழுதுவதும் வெவ்வேறு சக்திகள். முதலாவதில் செய்த பயிற்சி இரண்டாவதற்குத் தானே மாறிவிடாது. எனவே பாடத்திலுள்ள நிரலில் ஒரு வரியை மாற்றி, ஓட்டுமுன்பே இன்ன விடை வரும் என்று எழுதி வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். சில நாள் இப்படிச் செய்தபின், நூலை மூடிவிட்டு அதே நிரலை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். அதன் பிறகே புதியதொன்றைத் தொடங்குங்கள். இக்காலத்தில் கேட்டவுடன் முழு நிரலையும் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. கற்கும் பருவத்தில் அவற்றிடம் விளக்கம் கேட்கலாம். விடையை வாங்கி ஒட்டுவது, ஓடும் நிரலையும் 'இது என்னுடையதன்று' என்ற உள்ளுறுத்தலையும் ஒருங்கே தந்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சில ஐயங்கள் நியாயமானவை. மடக்குகள் உண்மையிலேயே விளங்காத நிலையில் அணிகளுக்குப் போனவருக்கு, 'எனக்குத் தெரியவில்லை' என்று மனம் சொல்லுமானால், மனம் மெய்யே சொல்கிறது. அப்பொழுது தன்னம்பிக்கை உபதேசம் உதவாது; நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அதன் பயிற்சிகளை மறுபடி செய்வதே பரிகாரம். திரும்பிப் போவதில் இழிவு யாதும் இல்லை.

ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ உதவி கேட்கும்போது, 'சார், எனக்கு ஒன்றுமே புரியவில்லை' என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. செய்ய நினைத்தது, எதிர்பார்த்த விடை, வந்த விடை, இதுவரை சோதித்துப் பார்த்தவை ஆகியவற்றை எடுத்துச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விடை தோன்றிவிடுவதும் உண்டு.

கடைசியாக, பிழைகளுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கிய டானல்ட் குனூத், 1978ஆம் ஆண்டு முதல் அதில் நேர்ந்த பிழைகளையும் செய்த மாற்றங்களையும் வரிசையாகக் குறித்து வந்தார். 800க்கும் மேற்பட்ட அவற்றை, கைத்தவறுதலால் வந்தவை, யோசனைக் குறைவால் வந்தவை என்றெல்லாம் வகைப்படுத்தி 1989ஆம் ஆண்டு பிரசுரமும் செய்தார். உங்கள் நோட்டில் தேதி, எதிர்பார்த்தது, வந்தது, காரணம் என்ற நான்கு பத்திகள் போதும்.

அணிகளுக்குப் போகுமுன் அந்த நோட்டின் முதற்பக்கத்தை நிரப்ப ஒரு பயிற்சி: மேலே சொன்ன சராசரி நிரலைப் பிழையின்றி எழுதி ஓட்டியபின், வேண்டுமென்றே அதைக் கெடுங்கள். ஒருமுறை அரைப்புள்ளியை நீக்குங்கள். ஒருமுறை மாறியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றுங்கள். பின்பு, 200ஐ முழு எண்ணாகிய சுழியால் வகுக்கச் சொல்லுங்கள். இறுதியாக, மொத்தம் என்னும் மாறிக்குத் தொடக்க மதிப்பாகச் சுழியை இடாமல், மதிப்பெண்களை அதனோடு ஒவ்வொன்றாகக் கூட்டும்படி எழுதி, பலமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் யந்திரம் என்ன சொல்லும் என்று ஊகித்து எழுதி, பின்பு அது சொன்னதை அருகில் எழுதுங்கள். கடைசிப் பிழையில் சில வேளை விடை சரியாகவே வந்துவிடும். அது ஏன் என்று கண்டறிந்து, காரணப் பத்தியை நிரப்பிய பிறகு பக்கத்தைப் புரட்டுங்கள்.